கிரகணம் செய்த குற்றமா?

கிள்ளானில் என் தங்கைக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, வாழ்த்துக்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது. "மாசமா இருந்தப்ப கிரகணத்துல வெளியே போனியாம்மா? கத்தி, கத்தரிக்கோல் எதையாவது தொட்டியா?" கேட்டவர் எங்கள் பெரியம்மா. பிள்ளையின் மேலுதடு இடப்பக்கம் பிளந்திருந்தது, அன்னமும்தான். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்காகத்தான் நான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அன்னப் பிளவுடனோ பிறக்கிறது. கர்ப்பத்தின் 4 முதல் 7-ஆம் வாரத்துக்குள் முகத்தின் இருபக்கத் திசுக்களும் சேர்ந்து உதடாகின்றன. அன்னம் உருவாவது 6 முதல் 9-ஆம் வாரத்துக்குள். சேராத இடம் பிளவாக நின்றுவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் தெரியவரும்.

யாருக்கு அதிகம்? கோலாலம்பூரின் பெரிய மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 1990-இல் ஓர் ஆய்வு வெளியானது. 1,000 குழந்தைகளுக்கு 1.24 என்பது அதன் கணக்கு. சீனக் குழந்தைகளிடம் அதிகம், மலாய்க் குழந்தைகளிடம் குறைவு, நம்மவர்கள் இடையில். உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளுக்கு அதிகம்; அன்னம் மட்டும் பிளவுபடுவது பெண் குழந்தைகளுக்கு அதிகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் இடப்பக்கம். எல்லார் தலைக்கு மேலும் ஒரே வானம்தான். கிரகணம் இனம் பார்த்து, ஆண் பெண் பார்த்து, இடம் வலம் பார்த்தா பிடிக்கிறது?

மரபணுவும் சூழலும் சேர்ந்தே இதற்குக் காரணமாகின்றன. தாய் புகைப்பது, வலிப்புக்கான சில மருந்துகள், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் நீரிழிவு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

"இன்னொண்ணும் இப்படியே பிறந்தா?" என்று தங்கை பயந்தாள். முதல் பிள்ளைக்கு இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு பொதுவாக 100-இல் 2 முதல் 5 வரைதான். அதைக் கேட்ட அன்றுதான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்தில் அறுவை சிகிச்சை; அன்னத்துக்கு ஒரு வயதையொட்டி. பிறகு காது, பல், பேச்சுப் பயிற்சி எனப் பல ஆண்டுப் பயணம்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் கடையில் மருமகன் பெரியம்மாவைப் பார்த்து, "பாட்டி, எனக்கு ரெண்டு வடை" என்றான். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. பெரியம்மா மூன்றாக வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த முறை இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால், தாயிடம் கிரகணத்தைக் கேட்காதீர்கள். பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேளுங்கள்.