களை போகலாம், மண் போகலாகாது

சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் களையெடுத்தல் என்றவுடன் மனக்கண்முன் தோன்றுவது நடவு முடிந்த வயலும், வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களும், வரப்பின்மேல் பிடுங்கிப்போட்ட கோரையுமே ஆகும். சற்றுப் பெரிய அளவில் நினைத்துப் பார்க்கச் சொன்னால், 2017-ஆம் வருஷம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி உத்தரவிட்ட காலத்தில், தென்மாவட்டக் கண்மாய்களுக்குள் இறங்கி வேரோடு பெயர்த்துத் தள்ளிய ஜே.சி.பி. இயந்திரங்கள் நினைவுக்கு வரும். இவ்விரண்டு காட்சிகளிலும் நாம் கவனிக்கத் தவறுகின்ற ஒரு பொதுவான அம்சம் உண்டு: நிலம் ஏறக்குறைய சமதளமாக இருக்கிறது. ஆதலால் பிடுங்கிய இடத்தில் விழுந்த குழி அங்கேயே கிடக்கிறது. கிளறிய மண்ணும் பெரும்பாலும் அங்கேயே கிடக்கிறது. மலைச்சரிவிலோ, கிளறப்பட்ட மண்ணானது அடுத்த மழையில் பிரயாணம் புறப்பட்டுவிடுகிறது. சமவெளியின் பழக்கத்தை அப்படியே மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர் களையையும் ஒழிப்பதில்லை, மண்ணையும் காப்பதில்லை.

நீலகிரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீழ்ச்சரிவுகளில் உண்ணிச்செடி, மேட்டுப் பிரதேசத்தில் சீகை. உண்ணிச்செடி அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தேசமெங்கும் பரவியது. அதன் கருநிறப் பழத்தைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பறித்துத் தின்னாத மலையோரத்துப் பிள்ளைகள் அரியர். பிள்ளைகளைக் காட்டிலும் சின்னான் குருவிகளுக்கு அப்பழம் பிரியமானதாகையால், எந்த மரக்கிளையில் குருவி உட்கார்ந்து எச்சமிடுகிறதோ அந்தக் கிளைக்கு நேர்கீழே அடுத்த வருஷம் ஒரு புதர் தயாராகிவிடுகிறது. இந்தச் சிறு விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் உபயோகப்படும்.

சீகையின் சரித்திரம் வேறு. வாட்டில் என்று ஆங்கிலேயர் அழைத்த அந்த ஆஸ்திரேலிய மரத்துக்கும் நாம் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்க்கும் தூரத்து உறவுண்டு. ஆனால் குணத்தில் இரண்டும் வெகு தொலைவு. உதகையில் குடியேறிய வெள்ளையர் குளிருக்கு எரிக்கச் சோலைகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த 19-ஆம் நூற்றாண்டில், விறகுக்காக இம்மரமும், உள்ளூரார் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும் வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை தேவைப்படவே, புல்வெளிகளின்மேல் அது பெருந்தோட்டமாக விரிக்கப்பட்டது. மலையின் மடிப்புகளில் சோலையும் முதுகுகளில் புல்லும் என்று இயற்கை பங்கிட்டு வைத்திருந்ததில், மரமில்லாத பங்கு வெற்று நிலமாகவே அவர்கள் கண்ணுக்குப் பட்டது. சோலை என்ற நம் சொல்லைத் தாவர நூல்களில் அப்படியே எடுத்துக்கொண்டவர்களுக்குப் புல்லின் மதிப்பு மட்டும் புலப்படாமற் போனது விசித்திரந்தான். பழனி மலையில் நான்கு தசாப்தங்களில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் பலியாகிவிட்டதென்று, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-இல் தெரிவித்தது.

இத்தனை கேடு செய்த செடிகளை ஒரே மூச்சில் ஒழித்துவிடலாம் என்று தோன்றுவது மனித சுபாவம். ஆனால் சரிவின் நிலைமையைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். வந்தேறியானாலும் ஒரு புதர் இருக்கும் வரையில் மழைத்துளி நேராக மண்ணைத் தாக்குவதில்லை. இலையில் விழுந்து, சருகில் சொட்டி, வேகமிழந்துதான் தரையைச் சேருகிறது. மூடாக்கு நீங்கிய மண்ணின்மீது அதே துளி ஒரு சிறு சம்மட்டிபோல் விழுந்து மண்துகளைத் தெறிக்கவைக்கிறது. சரிவில் தெறிக்கும் துகள் மேல்நோக்கிப் போவதைவிடக் கீழ்நோக்கிப் போவதே அதிகம். தெறித்ததை வழிந்தோடும் நீர் ஏந்திக்கொள்கிறது. நீர் சிறு தாரைகளாகி, தாரைகள் ஓடைகளாகி, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மேல்மண் ஒரு பருவத்தில் இறங்கிவிடுகிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்குமேல் மழை கொட்டியது. அத்தகைய மழை பெய்யும் மலையில், மூடாக்கில்லாத ஒரு சரிவை ஒரு வாரங்கூட நம்பிவிட முடியாது.

இதைவிட நுட்பமான அபாயம் ஒன்று மண்ணுக்குள்ளே இருக்கிறது. மரத்தை வெட்டிய உடனே அதன் வேர் பலம் இழந்துவிடுவதில்லை. செத்த வேரும் சிலகாலம் மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு அது மெல்ல மெல்ல மக்குகிறது. பழைய வேர் மக்கி முடிந்து, புதிய செடிகளின் வேர் இன்னும் போதிய அளவு பரவாத அந்த இடைக்காலம், அதாவது வெட்டிய சில வருஷங்களுக்குப் பின் வரும் காலமே, சரிவுக்கு மிகவும் ஆபத்தானது. வெட்டியவரும் மறந்து, ஊராரும் மறந்த பிறகு மண் சரியும்போது எல்லோரும் மழையைத்தான் திட்டுகிறார்கள். மலை சரிவதற்குச் சாலை வெட்டு, அடைபட்ட வடிகால், கட்டடச் சுமை எனக் காரணங்கள் பலவுண்டு. அவற்றோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்வது.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு நண்பருடைய நிலத்தில் நானே செய்த பிழையைச் சொல்லிவிடுவது நியாயம். சரிவில் மண்டிக்கிடந்த உண்ணிச்செடியைக் கொடுவாளால் தரைமட்டத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டதாகப் பெருமிதத்துடன் திரும்பினேன். மறு வருஷம் போய்ப் பார்த்தபோது, ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டுகள் நின்றன. முன்னே புதருக்குள் ஒதுங்கி வளர்ந்துகொண்டிருந்த இரண்டு நெல்லிக் கன்றுகளை மட்டும் காணவில்லை. அவற்றையும் சேர்த்து வெட்டியிருந்தேன்.

உண்ணிச்செடியின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்பதை அறிந்து வெட்டும் உபாயத்தை, டில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய சகாக்களும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். துளிர் கிளம்பும் பகுதி தண்டும் வேரும் சந்திக்கும் இடத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே மண்மட்டத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரைத் துண்டித்து, செடியைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்து வைத்துவிட்டால், மேலே உள்ளது காய்ந்துபோகிறது, கீழே உள்ளது துளிர்க்க வழியின்றி மண்ணுக்குள்ளேயே மக்குகிறது. தலைகீழாக வைப்பதற்குக் காரணம், மண்ணைத் தொடும் தண்டு மீண்டும் வேர்விடும் என்பதுதான். சரிவுக்கு இம்முறை எவ்வளவு பொருத்தமானது பாருங்கள்! கடப்பாரை போட்டு நெம்பினால் ஒரு கூடை மண் பெயரும்; இங்கே ஒரு கைப்பிடி மண்தான் அசைகிறது. இயந்திரம் ஒரு மணியில் செய்வதை மனிதர்கள் பல நாட்கள் செய்யவேண்டியிருக்கும் என்ற ஆட்சேபம் உண்மையே. அந்தக் கூலி மலையில் வாழ்பவர்களின் கைக்குப் போவதை நான் ஒரு குறையாகக் கருதவில்லை.

எங்கே தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. புதர் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கேதான் முதல் வெட்டு விழவேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியவர்கள் சிட்னி நகரத்தில் மாஸ்மன் என்ற பகுதியில் வாழ்ந்த ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்னும் சகோதரிகள். 1960-களில் வீட்டருகே இருந்த காட்டுப்பகுதியில் உலாவப் போகும்போதெல்லாம் போகிற வழியில் சில களைகளைக் கையால் பிடுங்கி, பெயர்ந்த சருகை மீண்டும் பரப்பிவிட்டு வருவது அவர்களுடைய வழக்கம். பெருவாரியாக வெட்டித் துப்புரவு செய்த இடங்களில் களை முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பியதையும், தாங்கள் சிறுகச் சிறுகப் பிடுங்கிய இடங்களில் உள்ளூர்ச் செடிகள் தாமாகவே எழுந்ததையும் அவர்கள் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். காடு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே தொடங்கிக் கெட்ட பகுதியை நோக்கி நகரவேண்டும். மண்ணையும் சருகையும் கூடியவரை கலைக்கலாகாது. உள்ளூர்ச் செடிகள் எந்த வேகத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனவோ அந்த வேகத்தை மீறி ஓர் அடிகூட முன்னேறலாகாது என்பன அவர்கள் கண்ட நெறிகள். ஜோன் காலமான பின்பு 1988-இல் வெளிவந்த அவருடைய நூல் இம்முறையை விவரிக்கிறது. சிட்னியின் சரிவுகளில் அவர்கள் எதிர்த்து நின்ற களைகளில் நம் உண்ணிச்செடியும் ஒன்று. நமக்குச் சீகையை அனுப்பிய தேசமே களையெடுக்கும் பொறுமையையும் கற்றுத்தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சீகை விஷயத்தில் இன்னும் சிரத்தை வேண்டும். அதன் விதை மண்ணுக்குள் ஐம்பது வருஷம் வரையிலும் உயிரோடு உறங்கக்கூடியது; தீயின் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும். வெட்டிய கழிவைச் சரிவிலேயே கொளுத்துகிறவர் அடுத்த தலைமுறைக்கு விதைத்துவிட்டுப் போகிறார். மேலும், எல்லாச் சீகையும் ஒரே விதமான எதிரி அன்று. பழனி மலையின் பழைய தோட்டங்களுக்குள் சென்று பார்த்தவர்கள், அந்நிய மரங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் எழுந்து வருவதைக் கண்டிருக்கிறார்கள். அவ்விடங்களில் மேற்கவிகையைத் திடீரென்று திறந்துவிட்டால், வெயிலும் உறைபனியும் இளங்கன்றுகளைக் கொல்லும். வெளிச்சத்தைக் கண்ட விதைகளோ ஆயிரக்கணக்கில் முளைக்கும். நின்ற நிலையிலேயே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்களைப் படிப்படியாகச் சாகவிடுவது அங்கே உசிதம். இன்னும் எஞ்சியிருக்கும் புல்வெளிக்குள் ஊடுருவும் சீகைக் கன்றுக்கோ எந்தத் தாட்சண்யமும் காட்டவேண்டியதில்லை. முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே, மழை நனைத்த மண்ணிலிருந்து கையால் உருவி எடுத்துவிடலாம். பணமும் ஆட்களும் குறைவாக இருக்குமானால், என் அபிப்பிராயத்தில் அவை முதலில் போகவேண்டிய இடம் இந்தப் புல்வெளி ஓரங்களே. நடைமுறையில், சாலையிலிருந்து பளிச்சென்று தெரியும் பெருந்தோப்புகளுக்கே அவை முதலில் போகின்றன.

வெட்டும் விதத்திலும் சரிவுக்கென்று ஒரு மரியாதை உண்டு. மேலிருந்து கீழாக ஒரே பட்டையாகத் திறப்பது தண்ணீருக்குப் பாதை போட்டுக்கொடுப்பதாகும். குறுக்குவாட்டில், சம உயரக் கோட்டை ஒட்டிச் சிறு சிறு துண்டங்களாகத் திறந்து, இடையிடையே புதரை அப்படியே விட்டுவைத்து, முதல் துண்டம் பசுமை போர்த்திய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். காய்ந்த உண்ணிக் கம்புகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கி முளையடித்து நிறுத்தினால், இறங்கிவரும் மண் அங்கே தேங்கும். நேற்றைய பகை இன்றைக்கு வரப்பாகிறது. மேற்கே தென்மேற்குப் பருவமும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமும் மழை பொழிவதால் காலத்தை இடமறிந்து தேர்ந்துகொள்ள வேண்டும். ஈரம் ஊறிய சரிவில் பெரிய புதரை அசைப்பதும், பழம் முற்றிய செடியை இழுத்துக்கொண்டு நடப்பதும் தவிர்க்கத்தக்கன. களைக்கொல்லியைச் சரிவில் தெளித்தால் அது மழையோடு ஓடைக்கு இறங்கி, கீழே குடிநீராகப் பிடிக்கப்படும். அந்த ஓடைகள் பவானிக்கும் மோயாற்றுக்கும் போகின்றவை.

திறந்த இடத்தில் முதலில் நடவேண்டியது மரமன்று, புல். அருகிலுள்ள நல்ல புல்வெளியிலிருந்து உள்ளூர்ப் புல்லின் தூரைப் பிரித்து, மழை தொடங்கும் சமயத்தில் நெருக்கமாக நட்டால், அதன் நார்வேர் மேல்மண்ணைச் சீக்கிரத்தில் தைத்துவிடும். கீழ்ச்சரிவுகளில் வேங்கையும் தடசும் நெல்லியும் பின்னாலே தாமாகவே தலைகாட்டும். இதற்கிடையில் வருஷந்தோறும் இரண்டு முறையாவது போய்ப் புது நாற்றுக்களைப் பிடுங்கவேண்டும். அவை எங்கே முளைக்கும் என்பதுதான் நமக்குத் தெரியுமே: குருவி உட்காரும் கிளைகளுக்குக் கீழே தேடினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

தமிழக அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவது பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. முதுமலையில் சென்னா என்னும் மஞ்சட்பூ மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று. கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக் கம்புகளால் ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்ய, அவை 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்று கண்களைக் கவர்ந்தன. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. எனினும், களைக்கு ஒரு சந்தை பிறந்துவிட்டால் களையே நீடிக்கவேண்டும் என்ற ஆசையும் கூடவே பிறக்கும் என்பதையும், எத்தனை ஹெக்டேர் வெட்டினோம் என்று கணக்கெழுதும் ஒப்பந்தமுறையில் எத்தனை ஹெக்டேரில் மண் தங்கியது என்பதற்குப் பத்தியே இருப்பதில்லை என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அகற்றும் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்றாவது வருஷம் அந்தச் சரிவில் புல் நின்றால் மட்டுமே கொடுப்பது என்று ஏற்பாடு செய்தால் பல விபரீதங்கள் குறையும்.

மலையில் துண்டு நிலம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் அரிவாளை எடுக்கவேண்டாம். ஒரு பழைய வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு புதருக்குள் நுழைந்து, அங்கே மூச்சடைத்து நிற்கும் உள்ளூர்க் கன்றுகள் ஒவ்வொன்றிலும் ஒரு துணிநாடாவைக் கட்டிவிட்டு வாருங்கள். வெட்டுவது மழை கழிந்த பிறகு, அந்த நாடாக்களைச் சுற்றி ஒரு முழ தூரத்திலிருந்து தொடங்கட்டும்.