வன்தட்டு எங்கே மறைந்தது?



அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய சர்வர் கணினிகள் இக்காலத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளமோ விலையின்றியே கிடைக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் வசதி குறைந்த பள்ளியும் நல்லதொரு கணினியைப் பெறலாம். ஆயினும், லினக்ஸை நிறுவ முற்படுங்கால், வன்தட்டு எதுவும் காணப்படவில்லை என்னும் அறிவிப்பு சில வேளைகளில் திரையில் தோன்றும். உடனே தட்டு பழுதென்று குப்பையில் எறிவோரும் உளர். மங்கில் பால் வடியவில்லை என்பதற்காக மரத்தையே சாய்ப்பார் உண்டோ? நாம் முறையாகக் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, இணைப்பு. மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பின்னர், தட்டுகளையும் கம்பிகளையும் கழற்றி மீண்டும் அழுத்தமாகப் பொருத்துக. சாட்டா வகைத் தட்டு, சாஸ் வகை இணைப்பில் பொருந்தும். சாஸ் தட்டோ சாட்டா இணைப்பில் இயங்காது. தட்டின் கொள்ளளவையும் நோக்குக. எடுத்துக்காட்டாக, டெல் நிறுவனத்தின் பெர்க் 6/ஐ என்னும் பழைய கட்டுப்பாட்டு அட்டை 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளை ஏற்பதில்லை.

இரண்டாவது, கட்டுப்பாட்டு அட்டை. அந்நாளில் துரை தொழிலாளர் ஒவ்வொருவரையும் நேரே அழைப்பதில்லை. கங்காணி வழியாகவே வேலை நடந்தது. சர்வரிலும் ரெய்டு அட்டை என்னும் கங்காணி உண்டு. அது பல தட்டுகளை ஒரு குழுவாக்கி, அக்குழுவையே இயங்குதளத்திற்குக் காட்டும். குழு அமைக்கப்படாவிடின், நல்ல தட்டும் லினக்ஸின் கண்ணுக்குப் புலப்படாது. பெர்க் 6/ஐ அட்டையில், கணினி தொடங்கும்பொழுது கண்ட்ரோல், ஆர் ஆகிய விசைகளைச் சேர்த்தழுத்தினால் அமைப்புத் திரை தோன்றும். அங்கே தட்டின் பெயர் காணப்படின், குழுவை அமைக்கலாம். ஒரே தட்டு இருப்பினும் அதனை ரெய்டு 0 குழுவாக அமைத்தல் வேண்டும். அங்கேயும் காணப்படாவிடின், குறை லினக்ஸில் இல்லை. தட்டிலோ, கம்பியிலோ, அட்டையிலோதான் உள்ளது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. புதிய குழுவை அமைத்துத் துடைத்தால் தட்டிலுள்ள பழைய பதிவுகள் அழிந்துவிடும். வேறொரு சர்வரிலிருந்து கொணர்ந்த தட்டுகளை அட்டை "அயல்" எனக் குறிக்கும். அவற்றில் வேண்டிய பதிவுகள் இருப்பின், புதிதாக அமைக்காமல் பழைய அமைப்பையே ஏற்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, முதலில் படியெடுத்து வைத்தல் கடமையாகும்.

மூன்றாவது, டிரைவர் எனப்படும் இயக்கி நிரல். துரையின் மொழியும் கங்காணியின் மொழியும் வேறாயின் இடையே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமன்றோ? இயக்கியின் பணி அதுவே. நிறுவும் திரையில் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை அட்டைகளையும், எல்எஸ்பிஎல்கே என்னும் கட்டளை தட்டுகளையும் பட்டியலிடும். குழு அமைத்த பின்னரும், முன்னதில் அட்டை தோன்றிப் பின்னதில் தட்டு தோன்றாவிடின், இயக்கி இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பெர்க் 6/ஐ போன்ற பல பழைய அட்டைகளுக்கான ஆதரவை நீக்கிவிட்டது. அட்டையிலும் பழுதில்லை, தட்டிலும் பழுதில்லை, மொழிபெயர்ப்பாளர்தாம் விலகிக்கொண்டார்! இதற்கு வழி இரண்டு: எல்ரெப்போ என்னும் தன்னார்வக் குழுவினர் வழங்கும் இயக்கித் தட்டைச் சேர்த்து நிறுவலாம், அல்லது, பழைய அட்டைகளை இன்னும் அறிந்திருக்கும் டெபியன் போன்ற வேறொரு லினக்ஸ் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாணவர்களே! கண்ணுக்குத் தோன்றாத யாவும் இல்லாதவை அல்ல. இணைப்பு, அட்டை, இயக்கி என ஒவ்வொரு படியிலும், "எதுவரை தெரிகிறது? எங்கே மறைகிறது?" என வினவுக. அவ்வாறு வினவுவோர் கையில், பிறர் கழித்த கருவியும் கல்விக்கு உதவும் செல்வமாகும்.