மண் விழுங்கும் வானலை

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள். ஓயாது பெய்த மழையால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் வெள்ளக்காடாயின. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். இத்தகைய வேளையில் மின்சாரம் நின்று, கைப்பேசியின் மின்கலமும் தீர்ந்துவிட்டால், அடுத்த தாமானில் இருக்கும் உறவினரிடம்கூட “நலமாக இருக்கிறோம்” என்று சொல்ல வழியிருக்காது. கைப்பேசிக் கோபுரத்தையும் இணையத்தையும் நம்பாமல் செய்தி அனுப்பும் வழி ஒன்று உண்டு. அதுவே அமெச்சூர் வானொலி.

ஊதியம் கருதாமல், ஆர்வத்தினால் சொந்த வானொலி நிலையம் அமைத்து உலகத்தாரோடு உரையாடுபவர்களே அமெச்சூர் வானொலியாளர்கள். நம் நாட்டில் இதற்கெனத் தேர்வு உண்டு. அதில் தேர்ச்சி பெற்று, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அனுமதியும் அழைப்புக்குறியும் பெற்றவர்கள் மட்டுமே அலைபரப்பலாம். இந்தப் பொழுதுபோக்கின் பயனை 2004ஆம் ஆண்டு உலகம் கண்டது. அப்போது இந்தியாவைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்பவரின் தலைமையில் ஒரு குழு அந்தமான் தீவின் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, அக்குழுவினர் தீவு மக்களின் செய்திகளை வானலை வழியே வெளியுலகிற்கு அனுப்பினர்.

வானலைகளில் பல வகை உண்டு. கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகளைக் குன்றுகளும் கட்டடங்களும் எளிதில் மறித்துவிடும். குறைந்த அதிர்வெண் அலைகளோ பகலில் நிலத்தை ஒட்டித் தவழ்ந்து செல்லும். இரவில் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தை அடையும். மலாயாவில் வானொலி இத்தகைய அலைகளில்தான் பிறந்தது. 1921ஆம் ஆண்டில் ஏ. எல். பெர்ச் என்பவர் ஜொகூருக்கு வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அங்கு அவர் அமைத்த சங்கம் 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பியது. பின்னர், கோலாலம்பூரின் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்தும் ஆர்வலர்களின் ஒலிபரப்பு தொடங்கியது.

குறைந்த அதிர்வெண் அலைகளுக்கு இத்துணைச் சிறப்பு இருந்தும், அவற்றைக் கையாள்வது எளிதன்று. 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அமெச்சூர் வானொலியாளர்களின் 1.85 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஏறக்குறைய 162 மீட்டர். நிமிர்ந்து நிற்கும் அன்டெனா செம்மையாக இயங்க இதில் கால்பங்கு, அதாவது 40 மீட்டர் உயரம் வேண்டும். அது பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உயரமாகும்! தாமான் வீட்டில் 12 மீட்டர் கம்பம் நடுவதே பெரும்பாடு. ஆகவே, பெரும்பாலோர் குட்டையான அன்டெனாவையே பயன்படுத்துகின்றனர். சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிமிர்ந்த அன்டெனாவில் நம் கண்ணுக்குத் தெரியும் கம்பம் பாதிதான். மறுபாதி அதன் கீழுள்ள நிலம். கம்பத்தில் பாயும் மின்னோட்டம் சுற்றியுள்ள நிலத்தின் வழியே மீண்டும் கம்பத்தின் அடிக்குத் திரும்பியாக வேண்டும். செம்பைப்போல் மண் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. எனவே, திரும்பும் வழியில் மின்னாற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறி மண்ணிலேயே மறைகிறது. விழலுக்கு இறைத்த நீர் போல அது யாருக்கும் பயன்படாமல் போகிறது. இதனையே நில இழப்பு என்கிறோம்.

இழப்பின் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வானில் அலையாகப் பரவும் ஆற்றலைக் குறிக்கும் தடையை அலைபரப்புத் தடை என்பர். 12 மீட்டர் கம்பத்துக்கு இது ஏறக்குறைய 2 ஓம். மண்ணின் தடை 18 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 20 ஓம். கருவி 100 வாட் ஆற்றலை அனுப்பினால், இருபதில் இரண்டு பங்காகிய 10 வாட் மட்டுமே வானில் பரவும். மீதி 90 வாட்டையும் மண் விழுங்கிவிடும். கருவியின் ஆற்றலைக் கூட்டினாலும் பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்கே போகும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் மேலும் மேலும் நீர் ஊற்றுவதால் பயன் என்ன?

இந்த ஓட்டையை அடைக்கும் முதல் வழி, ஆரக்கம்பிகளைப் பரப்புவது. மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே கம்பத்தின் அடியிலிருந்து செம்புக் கம்பிகளைத் தரையின் மீதோ சில சென்டிமீட்டர் ஆழத்திலோ பரப்ப வேண்டும். அப்போது மின்னோட்டம் மண்ணை விடுத்துக் கம்பிகளின் வழியே திரும்பும். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவர் இதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அதன் விளைவாக, ஒலிபரப்பு நிலையங்கள் 120 ஆரக்கம்பிகளைப் புதைப்பது வழக்கமாயிற்று.

வீட்டில் 120 கம்பிகளுக்கு இடம் ஏது? தேவையும் இல்லை. நான்கு கம்பிகளைப் பதினாறாக்கினால் கிடைக்கும் பயன் மிகுதி. அறுபதை நூற்றிருபதாக்கினால் கிடைக்கும் பயன் சிறிது. மின்னோட்டம் கம்பத்தின் அடியில்தான் நெருக்கமாக இருக்கும். எனவே, கையில் இருக்கும் கம்பி குறைவு என்றால், சில நீண்ட கம்பிகளைவிடப் பல குட்டைக் கம்பிகளே நல்லவை. நமது கணக்கில் ஆரக்கம்பிகள் மண்ணின் தடையை 18 ஓமிலிருந்து 6 ஓமாகக் குறைத்தால், எட்டில் இரண்டு பங்கு, அதாவது 25 வாட் வானில் பரவும்.

இரண்டாவது வழி, கம்பத்தின் உச்சியில் கிடைமட்டமாகக் கம்பிகளைக் கட்டுவது. குடை விரித்தாற்போல் அமையும் இக்கம்பிகளால் கம்பம் முழுவதும் மின்னோட்டம் சீராகப் பாயும். அலைபரப்புத் தடையும் உயரும். அது 6 ஓமாக உயர்ந்தால், பாதி ஆற்றலாகிய 50 வாட் வானைச் சேரும். தொடக்கத்தில் 10 வாட். இப்போது 50 வாட். கருவியை மாற்றாமலேயே ஐந்து மடங்கு பயன் கிடைத்துவிட்டது!

இங்குப் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அனுப்பும் கருவிகள் 50 ஓம் தடைக்குப் பொருந்துமாறு செய்யப்படுகின்றன. அலைபரப்புத் தடை 2 ஓம், மண்ணின் தடை 48 ஓம் என்றால் மொத்தம் மிகச் சரியாக 50 ஓம். பொருத்தம் காட்டும் மானி “மிக நன்று” என்று காட்டும். உண்மையில் 100 வாட்டில் 4 வாட்தான் வானில் பரவுகிறது. ஆரக்கம்பிகளைப் பரப்பியதும் மொத்தத் தடை 8 ஓமாகக் குறையும். மானியோ பொருத்தம் கெட்டுவிட்டதாகக் காட்டும். விவரம் அறியாதவர் அஞ்சிக் கம்பிகளைச் சுருட்டி வைத்துவிடுவார். விவரம் அறிந்தவரோ மகிழ்வார். பொருத்துச் சுருள் ஒன்றை இணைத்துக் குறையைச் சரிசெய்துகொள்வார். மேலும், சில கம்பிகளைச் சேர்க்கும்போதெல்லாம் தடையை அளந்து குறித்துவைப்பார். தடை இனிக் குறையவில்லை என்றால், கம்பிகள் போதும் என்று பொருள்.

இடத்துக்கு இடம் மண்ணும் மாறும். கிள்ளான் கரையோரக் களிமண் ஈரமும் உப்பும் கலந்தது; மின்சாரத்தை ஓரளவு நன்கு கடத்தும். கடல்நீர் சாதாரண மண்ணைவிடப் பலநூறு மடங்கு நன்றாகக் கடத்தும். பாறையும் மணலும் நிறைந்த குன்றுகளில் இழப்பு கூடும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு காலத்தில் செங்கல் அறுத்தார்கள். அவ்வூரின் பெயரே அதனால் வந்தது. அந்தக் களிமண்ணை இன்று சிமெண்டும் அடுக்குமாடிகளும் மூடிவிட்டன. அத்தகைய இடங்களில், உரிய அனுமதியுடன் மொட்டைமாடியில் சில கம்பிகளைத் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டி ஆரக்கம்பிகளாகப் பயன்படுத்தலாம். அலைபரப்பும்போது அவற்றின் நுனியைத் தொட்டால் தோல் சுட்டுவிடும். எனவே, கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுவது கட்டாயம்.

மண்ணில் ஒரு தண்டை ஆழமாக அடித்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பர். நில இழப்பைக் குறைக்க அது பெரிதும் உதவாது. ஆயினும், இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் பாதுகாப்புக்கு அத்தண்டு இன்றியமையாதது. ஆரக்கம்பிகள் அலைக்கு; தண்டு மின்னலுக்கு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இடி முழங்கத் தொடங்கினால் கருவியிலிருந்து இணைப்பை முன்கூட்டியே கழற்றிவிடுவதும் அவசியம்.

வெள்ளம் சூழ்ந்த இரவில் மின்கலம் ஒன்றுதான் மீதமிருக்கும். அதில் எஞ்சியிருக்கும் ஆற்றல் மண்ணுக்குப் போகிறதா, மனிதரைச் சென்றடைகிறதா என்பதை அந்த இரவில் தீர்மானிக்க முடியாது. வெயில் காயும் ஒரு விடுமுறை நாளில், புல்தரையில் குனிந்து ஒவ்வொரு கம்பியாகப் பரப்பியவரே அதனை முன்னரே தீர்மானித்துவிடுகிறார். உயர்ந்து நிற்கும் கம்பத்தை ஊரே பார்க்கும். கீழே கிடக்கும் கம்பிகளை எவரும் பார்ப்பதில்லை. ஆயினும், நம் குரல் எவ்வளவு தூரம் செல்லும் என்பது அக்கம்பிகளின் கையிலும் இருக்கிறது.