பெண் கல்வியும் தங்கும் இடமும்

மன்னார்க்காட்டிலிருந்து மலைப்பாதையில் ஏறி, முக்காலியைக் கடந்து கிழக்கே சென்றால் அகளியை அடையலாம். அங்கிருந்து ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கும் சாலை உண்டு. ஆகவே, கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், தமிழ் வழங்கும் ஊர்களுள் ஒன்றாகவே அது நெடுங்காலமாக இருந்து வருகிறது. அகளி, புதூர், ஷோலையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளும் சேர்ந்த மலைநாட்டுக்கு அட்டப்பாடி என்று பெயர். இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்தம் குடியிருப்புகளுக்கு ‘ஊர்’ என்பதே பெயர். குறும்பர்களின் ஊர்கள் பல, காட்டினுள் வெகு தொலைவில் உள்ளன.

அத்தகைய ஓர் ஊரில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள சிறிய பள்ளியில் படிப்பை முடித்துவிட்டாள். உயர்நிலைப் பள்ளியோ பல கல் தொலைவில் இருக்கிறது. வழியில் காடு, காட்டில் யானை, மழைக்காலத்தில் ஓடைகள் பெருகிவிடும். பள்ளியில் சம்பளம் இல்லை, புத்தகம் உண்டு, பகல் உணவும் உண்டு. எல்லாம் இருந்தும் அவள் படிப்பு அங்கேயே நின்றுவிடக் கூடும். இரவில் அவள் எங்கே தங்குவாள், யார் பொறுப்பில் தங்குவாள் என்ற ஒரு கேள்விக்கு விடை கிடையாமையே அதற்குக் காரணம். ஆண்பிள்ளையாயின் தாய்தந்தையர் ஒருவாறு துணிந்து அனுப்புவர். பெண்ணை அனுப்ப மனம் வருவதில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

பெண் கல்விக்குத் தருமம் செய்ய விரும்புவோர் இதனை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சீருடையும் சிலேட்டும் வழங்குவது எளிது. மேடையிட்டு வழங்கினால் புகைப்படமும் கிடைக்கும். தங்கும் இடம் அமைத்துத் தருவது அவ்வாறன்று. அது ஒரு நாளில் முடிகிற தானம் அன்று.

இக்கேள்வி புதியதும் அன்று. நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் இரண்டு பெண்மணிகள் இதனை நேருக்கு நேர் சந்தித்தனர். இருவரும் 1886ஆம் ஆண்டில் பிறந்தவர்கள்.

ஒருவர் சகோதரி சுப்பலட்சுமி. பதினொரு வயதளவில் மணமுடிக்கப்பட்டு, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தார். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்துக்கு உட்படுத்தாமல், அவருடைய தந்தையார் அவரைப் படிக்க வைத்தார். 1911ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் தேறிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பெண்களுக்குப் பள்ளிகள் ஏற்பட்டு வந்தன. ஆனால் கற்பிக்க ஆசிரியைகள் இல்லை. ஆண் ஆசிரியரிடம் வளர்ந்த பெண்ணை அனுப்பப் பெற்றோர் உடன்படவில்லை. மற்றொரு புறம், இளம் வயதிலேயே விதவையான பெண்கள் வீடுதோறும் வாழ்வற்றுக் கிடந்தனர். இவ்விரண்டு குறைகளையும் ஒன்று சேர்த்தால் இரண்டுமே தீரும் என்று கண்டதுதான் அவருடைய நுண்ணறிவு. விதவைப் பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்க முற்பட்டார். பெண் பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்த லிஞ்சு என்னும் பெண்மணியும் இதில் துணை நின்றார்.

ஆயினும், அப்பெண்கள் எங்கே தங்குவது? எழும்பூரில் தம் குடும்பத்தார் இருந்த வீட்டிலேயே நால்வரை வைத்துக்கொண்டு தொடங்கினார். அவருடைய சித்தி வாலாம்பாள், தாமும் இளமையிலேயே கணவனை இழந்தவர்; விடுதியின் அன்றாட நிர்வாகத்தை அவரே ஏற்றுக்கொண்டார். பெண்ணை அனுப்பும் தாய், பட்டம் பெற்றவரை நம்பி அனுப்பினாள் என்பதைவிட, அடுப்படியில் நின்ற அந்தச் சித்தியை நம்பி அனுப்பினாள் என்பதே பொருந்தும் என்று தோன்றுகிறது. 1912இல் சாரதா மாதர் சங்கம் தோன்றியது. நன்கொடைகள் வரத் தொடங்கின. பின்னர், கடற்கரையில் ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவ்விடுதிக்கு இருப்பிடமாயிற்று. அவ்விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும்.

அவ்வாறு கதவு திறவாத பெண்களின் நிலையை எடுத்துக்கொண்டவர் மற்றொருவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக வீற்றிருந்தவர். கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார்; அதற்குரிய சட்டம் 1947இல் நிறைவேறியது. சட்டம் வருவதற்கு வெகு முன்பே, அவ்வழக்கத்திலிருந்து விலகிய இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டை நாடி வந்தனர். அவர்களைப் படிக்க வைக்க விடுதிகளில் இடம் கேட்டார். குலத்தைச் சுட்டி மறுத்துவிட்டனர். தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். 1930இல் அவ்வை இல்லம் எழுந்தது இவ்வாறுதான். அடையாற்றில் அது இன்றும் நடைபெறுகிறது.

யாழ்ப்பாணத்திலும் இந்த உண்மை உணரப்பட்டிருந்தது. உடுவிலில் அமெரிக்கப் பாதிரிமார் 1824இல் பெண்களுக்குத் தொடங்கியது உறைவிடப் பள்ளியே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தம் பொருளைக் கொண்டு நிறுவிய பெண்கள் கல்லூரியிலும் தங்கிப் பயில வசதி இருந்தது.

கொடையின் நோக்கம் மாறினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் ஏற்பட்ட அரசு உதவி, ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு வழங்கப்பட்டு வந்தது. 2022ஆம் ஆண்டில் அதனை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அமைத்தனர். கல்யாணத்தன்று கைக்கு வந்த பணம், கலாசாலைக்குச் செல்லும் மாதந்தோறும் வருகிறது.

அட்டப்பாடிக்கு மீள்வோம். பழங்குடி மாணவர்க்கு முக்காலியில் அரசு உறைவிடப் பள்ளி உண்டு. 2012இல் அட்டப்பாடியிலேயே அரசுக் கலை அறிவியல் கல்லூரியும் வந்துவிட்டது. 2013இல் அங்கே பச்சிளங்குழந்தைகள் பலர் இறந்து, தாய்மாரின் ஊட்டக் குறைவு நாடு முழுவதும் பேசப்பட்டது. அதன்பின் குடும்பஸ்ரீ இயக்கத்தின் வழியாக ஊர்களில் பொது அடுக்களைகள் ஏற்பட்டன. அவற்றில் சமைப்பவரும் அவ்வூர்ப் பெண்களே. வாங்குபவரையே நடத்துபவராக ஆக்கும் உதவி இது. வாலாம்பாள் அம்மையாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னும் ஒரு தடை மொழியைப் பற்றியது. வீட்டில் இருளமொழி பேசும் குழந்தை, முதல் வகுப்பில் மலையாளத்தைக் கேட்டு விழிக்கிறது. ஆசிரியர் சொன்னது புரியாமையை அறிவின்மை என்று பிறர் கருதுகின்றனர். நாளடைவில் குழந்தையும் அவ்வாறே கருதிக்கொள்கிறது. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளப் பெண்மணி நஞ்சியம்மா பள்ளியில் பயிலாதவர். ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் படத்தில் தம் தாய்மொழியில் பாடி, 2022இல் சிறந்த பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். அம்மொழி அறிந்த பெண் ஒருத்தி விடுதியில் இருந்தால், புதிதாக வந்த சிறுமி முதல் வாரத்தில் அழுது திரும்பிப் போகமாட்டாள்.

ஆகவே, அகளிப் பக்கத்துப் பெண்களுக்கு உதவ எண்ணும் அன்பர்கள் கட்டடத்தோடு நின்றுவிடலாகாது. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். அதன் பின் ஆண்டுதோறும் வருவன எல்லாம் பெயர் பொறிக்க இயலாத செலவுகள். சமையற்காரிக்கும் காப்பாளருக்கும் சம்பளம், தாழிடத் தக்க குளியலறை, மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டிய துணி, இரவில் அணையாத விளக்கு, காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்குச் செல்ல வண்டி என்று அவை நீளும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் இரண்டு மூன்று பெண்கள் திரும்பி வராதிருந்தால், அவர்கள் ஊருக்கே சென்று, தாயிடம் பேசி, கையோடு அழைத்துவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குரிய நடைக்கூலியையும் பஸ் கட்டணத்தையும் வரவு செலவுத் திட்டத்தில் எவரும் எழுதுவதில்லை. முதல் ஆண்டிலேயே அதற்கென்று ஒரு பத்தி ஒதுக்கி வைப்பது நலம்.