அலையில் ஆளானவர்கள் – 9: நடுச்சாமக் காவல்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டத்தோடு இருந்த ஊர்கள். 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் அந்தக் கரை நம்மோடு சேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில், அந்தக் கரைக்கு எதிரே பாக் கடலில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக் கோடு வகுத்துக்கொண்டன.

அதனால் இந்த மாவட்டத்திலிருந்து கடற்படைக்குப் போகும் பையன்களில் இரண்டு வகை உண்டு. கவிநாடு கண்மாயிலோ ஊர்க் குளத்திலோ நீச்சல் பழகிய உள்நாட்டுப் பையன் ஒருவன். அப்பாவின் படகில் ஏறி வளர்ந்த கரையோரப் பையன் இன்னொருவன். இந்த இரண்டாமவனைப் பற்றித்தான் இந்த வாரம் அதிகம் சொல்ல வேண்டும். போர்க்கப்பல் என்றதும் அவன் மனதில் வருவது இலங்கைக் கடற்படையின் ரோந்துக் கப்பல். 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று அப்படியொரு கப்பலோடு மோதி மூழ்கியதில் மீனவர் ஒருவர் இறந்துபோனார். அந்தக் கரையில் வளர்ந்தவன் கடற்படைச் சீருடை போடத் தீர்மானிப்பது சாதாரண முடிவல்ல.

போகிற இடம் ஒடிசாவில், சில்கா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்கா. 1980 முதல் மாலுமிகளை அங்கேதான் வார்த்தெடுக்கிறார்கள். அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்களுக்கு அங்கே ஏறத்தாழ நான்கு மாதம். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று இந்தியில் கட்டளை விழும். புரிவதற்கு முன்பே உடம்பு கேட்கப் பழகிவிடும். பிறகு தொழிலுக்கேற்பப் பிரிகிறார்கள். பீரங்கிக்குக் கொச்சி, எஞ்சினுக்கு லோனாவாலா, மின்சாரத்துக்கு ஜாம்நகர், சமையலுக்கும் பண்டகசாலைக்கும் மும்பை மலாடு.

ஆனால் அணிவகுப்பு மைதானத்தில் ஒருவன் ஆளாகிவிடுவதாக நான் நினைக்கவில்லை. அது கப்பலில், வாட்ச் எனும் காவல் நிற்கும்போது நடக்கிறது.

கப்பலில் ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள பொழுதை மட்டும் இரண்டாகப் பிளந்து, இரண்டிரண்டு மணி நேரக் காவலாக ஆக்கியிருக்கிறார்கள். இதனால் ஒரு நாளுக்கு ஏழு காவல் வரும். ஏழு ஒற்றைப்படை என்பதால் முறை தினமும் நகரும். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு இரவும் தூக்கம் கெடாது. பாய்மரக் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. சுமையைப் பங்கிடுவதில் இவ்வளவு நியாயம் பார்த்த ஏற்பாடுகள் நிலத்தில் குறைவு.

நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நான்கு வரை நிற்பதுதான் கடினம். கீழே மூன்றடுக்குப் படுக்கைகளில் மற்றவர்கள் உறங்குகிறார்கள். மேலே பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தொலைவில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் எந்தத் திசை, என்ன நிறம், நகர்கிறதா என்று உடனே சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னது தவறாகிப் போனால் யாரும் ஒன்றும் இழந்துவிடப் போவதில்லை. வாய் மூடி இருந்தால் கப்பலுக்கே ஆபத்து. வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, உறுதியாகத் தெரியாததையும் அதிகாரியின் காதில் போடும் துணிச்சல் இங்கேதான் வருகிறது. கரையோரப் பையனுக்கு ஒரு அனுகூலமும் உண்டு: அந்த விளக்குக்குக் கீழே வலை இருக்கும், வலைக்குப் பக்கத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பக்குவம் வர ஆண்டுகள் ஆகும். முன்பு மாலுமிக்கு முதல் ஒப்பந்தமே 15 ஆண்டு, பிறகு ஓய்வூதியம். 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கே ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரமாவார்கள். முதலாண்டுச் சம்பளம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகக் கைக்கு 21,000. முடிவில் சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். படகுக் கடனில் தவிக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனாலும் எஞ்சினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் அளவுக்குத் தேறுகிற வயதில் நான்கில் மூவரை வீட்டுக்கு அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் அணி 2022 நவம்பரில் சில்காவில் சேர்ந்தது. சுமார் 2,600 பேர், அவர்களில் 270-க்கும் மேற்பட்ட பெண்கள். 2023 மார்ச் 28 அன்று சூரியன் மறைந்த பிறகு அவர்களுடைய நிறைவு அணிவகுப்பு நடந்தது. அவர்களின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. கடலோரக் காவல் படையில் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இடம் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அது போதாது. தமிழ்நாட்டின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் நம் கரைக்குத் திரும்பும் இவர்களை முதலில் கூப்பிட வேண்டும். எல்லைக் கோட்டை நெருங்கும் படகை வயர்லெஸ்ஸில் அழைக்கும் குரல், படகிலிருப்பவனை “அண்ணே, திரும்புங்க” என்று கூப்பிடத் தெரிந்ததாகவும், கப்பலின் மொழி அறிந்ததாகவும் இருந்தால் சில உயிர்கள் மிஞ்சும் என்று நம்புகிறேன்.

அடுத்த வாரம் 1946 பிப்ரவரிக்குப் போவோம். சோற்றுக்காகவும் மரியாதைக்காகவும் பம்பாயில் வேலைநிறுத்தம் செய்த மாலுமிகளில் பலருக்கும் இதே வயதுதான்.

(தொடரும்)