சி மொழியில் சரங்களைப் படியெடுத்தல்: பெயர்வுத்திறனும் தமிழ் உரையும்

முன்னுரை

சி மொழியில் சரம் என்பது தனித் தரவு வகையன்று. நினைவகத்தில் அடுத்தடுத்து அமையும் பைட்டுகளின் வரிசையே சரமாகும். சுழி மதிப்புடைய பைட்டு அதன் முடிவைக் காட்டும். சரத்தின் நீளம் தனியே குறித்து வைக்கப்படுவதில்லை. எனவே, படியெடுக்கும்போது இலக்கின் கொள்ளளவைக் கவனிக்கும் பொறுப்பு நிரலாளரையே சாரும். இப்பொறுப்பை எளிதாக்க எழுந்த செயற்கூறுகளையும், தமிழ் உரையில் அவற்றின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய செயற்கூறுகள்

'ஸ்டர்காப்பி' இலக்கின் கொள்ளளவைக் கேட்பதே இல்லை. மூலச் சரம் நீண்டிருந்தால் அண்டை நினைவகத்தின்மீதும் எழுதிவிடும். 'ஸ்டர்என்காப்பி' அளவைப் பெறுகிறது. ஆயினும், அது பொதுவான படியெடுப்பிற்காகத் தோன்றியதன்று. தொடக்ககால யூனிக்ஸ் கோப்பகப் பதிவில் கோப்புப்பெயருக்கு 14 பைட்டுகளே ஒதுக்கப்பட்டன. அத்தகைய நிலைநீளப் புலங்களுக்காகவே அது அமைந்தது. ஆகவே, மூலம் குறுகியதாயின் எஞ்சிய இடத்தைச் சுழிகளால் நிரப்பும். மூலத்தின் நீளம் தரப்பட்ட அளவை எட்டினால் முடிவுக்குறியை இடாது.

ஓப்பன்பிஎஸ்டியின் தீர்வு

1998இல் டாட் மில்லர், தியோ டி ராட் ஆகியோர் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்திற்காக 'ஸ்டர்எல்காப்பி', 'ஸ்டர்எல்கேட்' என்பவற்றை உருவாக்கினர். இலக்கின் அளவு சுழியல்லாதபோது 'ஸ்டர்எல்காப்பி' முடிவுக்குறியைத் தவறாது இடும். மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அந்நீளம் இலக்கின் அளவுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் சரம் வெட்டுப்பட்டது என அறியலாம்.

லினக்ஸில் பரவலாக வழங்கும் குனூ சி நூலகம் இவற்றை 2023இல், 2.38ஆம் பதிப்பில்தான் ஏற்றது. போசிக்ஸ் தரம் 2024இல் ஏற்றது. அதற்கு முன்னர், பல தளங்களில் இயங்கவேண்டிய ஓப்பன்எஸ்எஸ்எச் போன்ற மென்பொருள்கள் இச்செயற்கூறுகளின் படியைத் தம்முடனே கொண்டிருந்தன. நிரலைத் தொகுக்கும்போது தளத்தில் அவை இல்லையெனக் கண்டால் அப்படியே பயன்படும். பெயர்வுத்திறன் இவ்வாறு பேணப்பட்டது.

தமிழ் உரையில் எழும் சிக்கல்

இச்செயற்கூறுகள் அனைத்தும் பைட்டுகளையே எண்ணுகின்றன, எழுத்துகளை அல்ல. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைக் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் 3, குறியீடுகள் 5, பைட்டுகள் 15. இச்சொல்லை 12 பைட்டு இலக்கில் படியெடுத்தால், முடிவுக்குறி போக 11 பைட்டுகளே அமையும். ழகரத்தின் குறியீடு இடையில் முறிந்து செல்லாததாகிவிடும். 13 பைட்டு இலக்கிலோ குறியீடு முறிவதில்லை. புள்ளி மட்டும் நீங்கி, 'தமிழ' என நிற்கும். முன்னதை யுடிஎஃப்-8 சோதனை கண்டறியும். பின்னதை அதனால் கண்டறிய இயலாது. பெயர்ப் பட்டியலிலோ அகராதித் தரவிலோ இது வேறொரு சொல்லாகவே பதிவாகும்.

முடிவுரை

முடிவுக்குறி நினைவகத்தைக் காக்குமேயன்றிப் பொருளைக் காக்காது. 'ஸ்டர்எல்காப்பி' திருப்பித் தரும் நீளத்தை ஒவ்வொரு முறையும் சோதித்து, வெட்டு நேர்ந்தால் அந்நீளத்தினும் ஒரு பைட்டு மிகுதியான இடம் ஒதுக்கி மீண்டும் படியெடுத்தல் வேண்டும். வெட்டுதல் தவிர்க்க இயலாதெனின், யூனிகோடு வகுத்துள்ள எழுத்தெல்லை விதிகளின்படி முழு எழுத்தின் இறுதியில் வெட்டுவதே தமிழுக்குப் பொருந்தும்.