பிளாஸ்மா டிவியில் பிள்ளைகள் கேம் விளையாடலாமா?



சபரில் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது கொண்டுவரும் சாமான் காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. முன்பு டூ-இன்-ஒன், அப்புறம் வி.சி.ஆர்., பிறகு டிவிடி பிளேயர். அதன்பின் ஒரு காலத்தில் பெரிய அட்டைப்பெட்டியில் 42 இன்ச் பிளாஸ்மா டிவி வந்தது. கூடவே பிள்ளைகளுக்கு ஒரு ப்ளே ஸ்டேஷன். இரண்டும் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்ததால் அன்றைக்கே ஒன்றோடு ஒன்றை இணைத்தும் விட்டோம். டிவியோடு வந்த விளக்கப் புத்தகம் பெட்டிக்குள்ளேயே பரணுக்குப் போய்விட்டது.

அப்போது ஒரு நோன்பில் என் ராத்தா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மச்சான் துபாயிலிருந்து வந்து டிவியை வைத்துக் கொடுத்துவிட்டு, லீவு முடிந்து திரும்பிவிட்டார். பையனுக்கு 13 வயது. நோன்பு திறந்து மஃரிப் தொழுத பிறகு கொஞ்ச நேரம் கிரிக்கெட் கேம் விளையாடுவான். இஷாவுக்குப் பாங்கு சொன்னதும் ஆட்டத்தை ‘பாஸ்’ செய்து அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிடுவான். தராவீஹ் முடிந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வான். யாரும் சொல்லாமலே எழுந்து போகிறானே என்று ராத்தாவுக்குப் பெருமை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பகலில் செய்தி பார்க்க உட்கார்ந்தால், திரையின் ஒரு மூலையில் ஸ்கோர் பெட்டியும் நடுவில் ‘பாஸ்’ மெனுவின் கட்டமும் நிழலாகத் தெரிகின்றன. எந்தச் சேனல் மாற்றினாலும் போகவில்லை.

உடனே துபாய்க்கு ஃபோன். “விளையாடி விளையாடி டிவியைக் கெடுத்துட்டான்.” மச்சானுக்கு எத்தனை மாதச் சேமிப்பு அது என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவர் அங்கிருந்து சத்தம் போட்டார், ப்ளே ஸ்டேஷன் பீரோவுக்குள் போனது. பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னான்: “மாமா, நான் விளையாடவே இல்லையே, தொழத்தானே போயிருந்தேன்.”

அவன் சொன்னது சரி. அவன் விளையாடிய நேரத்தில் அந்த டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. விளையாடாமல் இருந்த நேரத்தில்தான் ஆனது. இது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி வீடுகளில் சண்டை குறையும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிளாஸ்மா திரை என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே அடைக்கப்பட்ட லட்சக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் நியான், செனான் வாயுக்கள் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது அந்த வாயு புற ஊதா ஒளியைக் கக்குகிறது. அறையின் உட்புறம் பூசப்பட்ட பாஸ்பர் என்ற பூச்சில் அது பட்டதும் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்கிறது. நம் டியூப்லைட் எரிவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆக, நாம் பார்ப்பது லட்சக்கணக்கான குட்டி டியூப்லைட்டுகளை. 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகிய மூவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அது பொழுதுபோக்குக்காக அல்ல, மாணவர்கள் கணினியில் பாடம் படிக்க ஒரு திரை வேண்டும் என்பதற்காக. 42 இன்ச் வண்ண டிவியாக அது கடைக்கு வந்தது 1997 வாக்கில்தான்.

டியூப்லைட் எரிய எரிய மங்குவது போலப் பாஸ்பர் பூச்சும் ஒளிர ஒளிரக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். அதில் தவறில்லை. வெளிச்சம் பாதியாகக் குறைய 60,000 மணி நேரம் ஆகும், 1,00,000 மணி நேரம் ஆகும் என்று கம்பெனிகள் சொல்லிவந்தன. ஒரு லட்சம் மணி என்றால் தினமும் 8 மணி நேரம் ஓடினாலும் 34 வருடம். ஆனால் திரை முழுவதும் ஒரே சீராக மங்கினால்தான் இந்தக் கணக்கு. ஓர் இடத்தில் மட்டும் ஒரே உருவம் பல மணி நேரம் பளிச்சென்று நின்றால் அந்த இடத்துப் பூச்சு பக்கத்து இடத்தைவிட முன்னதாகவே களைத்துப்போகும். அதுதான் நிழலாகத் தெரிகிறது.

நிழலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று தற்காலிகமானது. அறைகளில் மிச்சம் தங்கிய மின்னூட்டத்தால் வருவது. அசையும் படம் ஓடினால் சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ மறைந்துவிடும். மற்றது பூச்சே தேய்ந்து விழும் தழும்பு. அது முழுமையாகப் போகாது, மற்ற இடங்களும் தேயத் தேயக் கொஞ்சம் மங்கித் தெரியும், அவ்வளவுதான். பெரும்பாலான கம்பெனிகள் இதை வாரண்டியில் சேர்த்ததில்லை. அங்கே வாங்கிய வாரண்டி இங்கே செல்லுமா என்பதே தனிக் கேள்வியாக இருந்தது. 

கேமில் என்ன ஆபத்து என்றால், ஆட்டம் முழுக்க அசைந்தாலும் சில உருவங்கள் அசையாமல் நிற்கும். கிரிக்கெட்டில் ஸ்கோர், கால்பந்தில் மூலையில் நேரமும் கோல் கணக்கும், கார் ஓட்டும் கேம்களில் வேகமானி. இது கேமுக்கு மட்டும் உரியதல்ல. நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடினால் அதன் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையின் கோடும் இதையேதான் செய்யும். பையனின் கேமைப் பூட்டி வைத்துவிட்டு உம்மா காலையிலிருந்து இரவு வரை ஒரே சேனலைப் பார்ப்பதில் டிவிக்கு ஒரு லாபமும் இல்லை.

புது டிவிக்கு இது இன்னும் பொருந்தும். முதல் 100, 200 மணி நேரத்தில் பூச்சு சற்று வேகமாகத் தேயும், பிறகு நிதானப்படும். அதனால் முதல் ஒன்றரை, இரண்டு மாதம் திரையை நிறைக்கும் படங்களை ஓடவிட்டு, கேமைக் கொஞ்சமாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளும் ஆடக்கூடாது என்பதல்ல. அரை மணி, முக்கால் மணி ஆடிவிட்டு வேறு நிகழ்ச்சி பார்க்கட்டும்.

அதைவிட முக்கியமானது ரிமோட்டில் இருக்கிறது. கடையில் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக டிவி பெரும்பாலும் ‘டைனமிக்’ அல்லது ‘விவிட்’ என்ற அமைப்பில் வரும். கடை வெளிச்சத்துக்கு அது சரி, நம் ஹாலுக்கு வேண்டாம். மெனுவில் ‘பிக்சர்’ பகுதிக்குப் போய் ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘சினிமா’ என்று மாற்றுங்கள். பிறகு கான்ட்ராஸ்ட்டை ஏறக்குறைய பாதிக்குக் கொண்டுவாருங்கள். பலர் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதைத்தான் மாற்றும். பூச்சை எவ்வளவு கடுமையாக எரிப்பது என்பதைத் தீர்மானிப்பது கான்ட்ராஸ்ட். ராத்தா வீட்டில் அது நூற்றுக்கு நூறில் இருந்தது.

பாஸ் விஷயம். பாங்கு சொன்னாலும் சாப்பிடக் கூப்பிட்டாலும் ஆட்டத்தை ‘சேவ்’ செய்யச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பாஸ் செய்துவிட்டு டிவியை மட்டும் ரிமோட்டில் அணைக்கச் சொல்லுங்கள். கேம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஆட்டம் போகாது. டிவியை அணைத்தால் ஆட்டம் அழிந்துவிடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அதை அணைப்பதில்லை. இதை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் உட்பட.

படம் திரையை நிறைக்கிறதா என்றும் பாருங்கள். நம் சேனல்கள் பலவும் முன்பு 4:3 அளவில் வந்தன, பழைய கேம்களும் அப்படித்தான்; அந்த அளவில் படம் வந்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்த இடம் எரியாமல் புதிதாகவே இருக்க, நடுப்பகுதி மட்டும் தேயும். சில மாதத்தில் அகலப் படம் போட்டால் இரண்டு பக்கமும் கோடு தெரியும். ரிமோட்டில் அகலப்படுத்தும் பொத்தான் உண்டு. முகம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்பேன். கேமின் மெனுவில் ‘வைட் ஸ்க்ரீன்’ இருந்தால் அதைப் போட்டுவிட்டால் அந்தக் குறையும் இல்லை. படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் இப்படியும் அப்படியும் நகர்த்தும் வசதியும் பெரும்பாலான டிவிகளில் இருக்கிறது. ‘பிக்சல் ஆர்பிட்டர்’, ‘ஸ்க்ரீன் பர்ன் ப்ரொடெக்‌ஷன்’ என்று செட்டுக்குச் செட்டு பெயர் மாறும். அதை ஆன் செய்து வையுங்கள்.

இதெல்லாம் படித்து, பிளாஸ்மாவே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். வேகமாக ஓடும் பந்து இதில் இழுபடாமல் தெரியும், கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். விளையாட்டுக்கு நல்ல திரைதான். ஒரு சின்னக் குறை: டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தால், பொத்தானை அழுத்தியதற்கும் பேட் சுற்றுவதற்கும் இடையே ஒரு நொடியில் சிறு பங்கு தாமதம் வரலாம். “மாமா, பேட் லேட்டா சுத்துது” என்று பையன் சொன்னபோது அவுட்டானதற்குச் சாக்கு என்றே நினைத்தேன். ‘கேம் மோட்’ போட்டதும் தாமதம் குறைந்துவிட்டது.

கேம் எது என்பதையும் வாப்பா, உம்மா பார்த்துக்கொள்வது அவசியம். பையன்கள் ‘கார் கேம்’ என்று சொல்லி விளையாடும் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ வெறும் கார் கேம் அல்ல. கொலையும் திருட்டும் நிறைந்தது. ஐரோப்பாவின் ‘பெகி’ வயது முத்திரையில் அதற்கு 18 என்று போட்டிருக்கிறார்கள். அசல் உறையில் 3, 7, 12, 16, 18 என்று இந்த எண் இருக்கும். இங்கே பிளாஸ்டிக் கவரில் விற்ற காப்பி டிஸ்க்கில் அது தெரியாது. டிவிக்கும் அந்தக் கேம் நல்லதல்ல: கீழே இடது மூலையில் வட்ட வரைபடம் ஒன்று ஓயாமல் நின்றுகொண்டே இருக்கும்.

மின்சாரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பழைய 21 இன்ச் டியூப் டிவி 80, 100 வாட் எடுக்கும். 42 இன்ச் பிளாஸ்மா படத்தின் வெளிச்சத்தைப் பொறுத்து 200, 300 வாட் வரை போகும். 300 வாட்டில் தினம் 5 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாத பில்லில் 90 யூனிட். யூனிட் கூடக்கூட கட்டணப் படியும் ஏறும். கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தால் இதுவும் குறையும். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் கேம் ஓடினால், இரவு ஃபேனுக்கு பேட்டரி மிஞ்சாது.

கொண்டுவரும்போது பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வேனில் வரும் வழியில் உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடி குலுங்கி விரிசல் விடலாம். நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். துபாய் பிளக்கின் மூன்று சதுர முனைகளும் நம் சுவிட்ச் போர்டில் நுழையாது. மலிவான அடாப்டரில் சொருகாமல், நம் ஊர் மூன்று உருண்டை முனை பிளக் உள்ள நல்ல வயரை எர்த்தோடு போடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் 25 கிலோ கனமுள்ள டிவியை ஆடும் மேசையில் வைப்பது டிவிக்கு அல்ல, பிள்ளைக்கு ஆபத்து. பின்னால் சுவரோடு கட்டிவிடுங்கள்.

ராத்தா வீட்டு டிவியில் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, மூன்று வாரம் திரை நிறைந்த படங்களாக ஓடவிட்டோம். நடுவில் இருந்த ‘பாஸ்’ கட்டம் மறைந்துவிட்டது. ஸ்கோர் பெட்டியின் அடிக்கோடு மட்டும் பச்சை மைதானம் வரும்போது லேசாகத் தெரிந்தது. மச்சான் பிறகு ஃபோனில் பையனோடுதான் முதலில் பேசினார். ப்ளே ஸ்டேஷன் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது.

பழைய பிளாஸ்மா ஒன்றை யாராவது விலைக்குத் தருகிறேன் என்றால், படம் ஓடும்போது பார்த்து வாங்கிவிடாதீர்கள். திரை முழுவதும் வெள்ளை, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறம் வரும் டிவிடி ஒன்றைப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு நான்கு மூலைகளையும் பாருங்கள். நிழல் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.